மேல் தட்டுக் கற்பூரம் நனையவில்லை

ஏப்ரல் 12, 2022, செவ்வாய்

நேற்று இரவு முழுக்க இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மழை விடவே இல்லை. மதியத்துக்கு மேல்தான் கடைக்குப் போக முடிந்தது. ஷட்டரைத் தூக்கியதும் சேறு கணுக்காலை மூடியது. தண்ணீர் வடிந்துவிட்டது, ஆனால் நான்கு சுவரிலும் என் தொடை உயரத்துக்குச் செம்மண் கோடு. பக்கத்தில் ப்ராஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலைக்குள்ளும் வெள்ளம் புகுந்துவிட்டதாம்.

வரும் வெள்ளிதான் பெரிய வெள்ளி. இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக மஞ்சள் துணி, வேட்டி, குங்குமம், கற்பூரம், சூடத்தட்டு எல்லாம் வழக்கத்தைவிட நிறைய வாங்கி அடுக்கியிருந்தோம். கீழ் இரண்டு தட்டும் போய்விட்டன. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரத் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 13

துடைப்பத்தை எடுத்தேன், அதற்குள் எங்கள் இன்ஷூரன்ஸ் புரோக்கர் போன் செய்தார். "அக்கா, எதையும் கழுவாதீங்க, எதையும் தூக்கிப் போடாதீங்க. முதல்ல படம் எடுங்க." நூற்றுக்கும் மேல் படம் எடுத்தேன். சுவர்க் கோட்டின் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டும் எடுத்தேன். அதை ஏன் செய்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. தையல் தெரிந்த கை, நாடாவைத் தேடியது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 26

இந்த வெள்ளத்தில் மாகாணம் முழுக்க 400 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 18ஆம் தேதி தேசியப் பேரிடர் என்று அறிவித்தார்கள். நம்முடையது துணியும் கற்பூரமும்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இன்று சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அசெஸ்ஸர் வந்தார், இருபது நிமிடம் இருந்தார். பின் மூலையில் கூரையிலிருந்து கொஞ்சம் ஒழுகியிருந்தது உண்மை. அந்த இடத்தையும், துருப்பிடித்த மழைநீர்க் குழாயையும் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார். சுவரில் இருந்த கோட்டைக் காட்டினேன். தலையை ஆட்டினார், படம் எடுத்த மாதிரி தெரியவில்லை.

ஜூன் 3, வெள்ளி

கடிதம் வந்தது. கிளெய்ம் நிராகரிப்பு. காரணம்: கூரைக் குழாய் பராமரிக்கப்படவில்லை, நாள்பட்ட தேய்மானத்தால் வந்த சேதம், பாலிசியில் இது விலக்கு, அதாவது இதற்குப் பணம் கிடையாது.

"விட்டுடு, இவங்களோட யார் மல்லுக்கு நிக்கிறது" என்றார் அவர். அவர் மனதில் போன வருட ஜூலைக் கலவரம் ஓடுகிறது, தெரியும். அப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு அண்ணனின் டயர் கடையைச் சூறையாடினார்கள். அவருக்கு ஒரு ராண்ட் கூடக் கிடைக்கவில்லை. இந்த நாட்டில் சாதாரண பாலிசி கலவரத்துக்குப் பணம் தராது. 1976 சோவெட்டோ எழுச்சிக்குப் பிறகு 1979இல் அதற்கென்றே சாஸ்ரியா என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். போன வருடக் கலவரத்துக்கு அதன்மேல் வந்த கிளெய்ம்கள் 3,000 கோடி ராண்டுக்கும் மேல். அந்த அண்ணனின் பாலிசியில் சாஸ்ரியா சேர்க்கப்படவே இல்லை. அது வேறு கதை. எங்கள் பாலிசியில் புயல், மழை, வெள்ளம் என்று மூன்று சொல்லும் அச்சாகி இருக்கிறது. இல்லாததைக் கேட்பதும் இருப்பதைக் கேட்பதும் ஒன்றா?

ஜூன் 5, ஞாயிறு

அத்தையின் அண்ணன் மகள் வக்கீல் ஆபீசில் வேலை செய்கிறாள். பாலிசியையும் கடிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்தாள். நஷ்டம் பாலிசிக்குள் வருகிறது என்று காட்டுவது நம் வேலை. விலக்கு பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனியின் வேலை. சட்டத்தில் நிலை இதுதானாம். நிராகரிப்பை எதிர்த்து எழுத 90 நாள் இருக்கிறது, நாம் எழுதினால் அவர்கள் 45 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதுவும் சரிப்படாவிட்டால் ஜொஹானஸ்பர்க்கில் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம், நமக்குச் செலவில்லை.

அப்புறம் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒன்றில் நிறுத்தினாள். மேல் தட்டு. கற்பூரப் பெட்டிகள் வரிசையாக, அட்டைகூட நமுக்காமல் இருக்கின்றன. "அண்ணி, தண்ணி கூரையிலேர்ந்து வந்திருந்தா முதல்ல நனைஞ்சிருக்க வேண்டியது இதுதானே?"

இத்தனை நாள் அந்தப் படம் என் போனிலேயே இருந்தது. கீழே போனதை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு மேலே நனையாமல் இருந்தது கண்ணில் படவே இல்லை.

ஜூன் 14

குழாயைப் பிப்ரவரியில் சுத்தம் செய்தோம், கைக்காசு, ரசீது கிடையாது. உம்லாசியிலிருந்து வரும் கூரைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். வெள்ளத்தில் அவர் வீட்டில் ஒரு அறையே சரிந்திருக்கிறது. அந்தக் கஷ்டத்திலும் பழைய போனைத் தேடி எடுத்து, வேலை முடித்த அன்று எடுத்த படத்தைத் தேதியோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஜூன் 20

கடிதம் அனுப்பினோம், இரண்டே பக்கம். கோபமாக ஒரு வரியும் இல்லை. பின் மூலை ஒழுகலை மறைக்கவில்லை, அங்கே போன சரக்கு எது என்று தனியாகப் பிரித்துக் காட்டி, அதைக் கேட்கவில்லை. மற்றதெல்லாம் ஷட்டருக்கு அடியில் வந்த வெள்ளம். நாடாவோடு சுவர்க் கோடு, நனையாத மேல் தட்டு, கூரைக்காரரின் படம், கொள்முதல் பில்கள் எல்லாம் இணைப்பில்.

ஆகஸ்ட் 2

நிராகரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்! ஆனால் 'ஆவரேஜ்' போட்டிருக்கிறார்கள், அதாவது இருந்த சரக்கைவிடக் குறைத்து இன்ஷூர் செய்திருந்தால் அதே விகிதத்தில் பணத்தையும் குறைப்பார்கள். நாங்கள் சரக்குக்கு இன்ஷூர் செய்தது 9 லட்சம். இருந்த சரக்கு 15 லட்சம் என்று அவர்கள் கணக்கு. ஆகவே நஷ்டத்தில் 60 சதவீதம்தான்.

குறைத்து இன்ஷூர் செய்தது எங்கள் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். சாதாரண மாதத்துக்குப் போட்ட தொகையைத் திருவிழா மாதத்துக்கும் அப்படியே விட்டுவிட்டோம். ஆனால் 15 லட்சம்? இரவு பில்களைப் பரப்பி வைத்துக் கூட்டினேன். வாங்கிய விலையில் மொத்தம் 12 லட்சம்தான் வருகிறது. நஷ்டத்தை வாங்கிய விலையில் 4,80,000 என்று எடுத்தவர்கள், மொத்தச் சரக்கை மட்டும் விற்கும் விலையில் எடுத்திருக்கிறார்கள். பாலிசியில் சரக்குக்கு வாங்கிய விலைதான் அளவு என்று இருக்கிறது. அப்படியானால் 60 இல்லை, 75 சதவீதம். வித்தியாசம் 72,000 ராண்ட். ஒரு வருட வாடகையில் பாதி.

ஆகஸ்ட் 24

ஒரு பக்கக் கடிதம், கூட்டல் தாளோடு அனுப்பியிருந்தேன். மாற்றிவிட்டார்கள். 3,60,000, அதில் எங்கள் பங்காக நாங்களே ஏற்க வேண்டிய எக்ஸஸ் 10,000 கழியும். அவர் அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "நீ சொன்னது சரிதான்" என்றார்.

செப்டம்பர் 9

பணம் பேங்கில் ஏறிவிட்டது. முதலில் கூரைக்காரரின் அறைக்குத் தகரம் வாங்கிக் கொடுத்தோம். புரோக்கரிடம் பேசி, பெரிய வெள்ளிக்கும் தீபாவளிக்கும் முந்தின மாதங்களில் சரக்குத் தொகையை உயர்த்திப் போடச் சொன்னேன். பிரீமியம் ஏறும், ஏறட்டும். பில்களைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பி வைக்கிறேன், கும்பகோணத்தில் ஒரு பிரதி இருக்கட்டும்.

அக்டோபர் 24 தீபாவளி. புதுச் சரக்கு வர ஆரம்பித்துவிட்டது. துணியெல்லாம் மூன்றாவது தட்டுக்கு மேலே. கீழ்த் தட்டில் இனி பித்தளை மட்டும்.