வாய்விட்டு யோசியுங்கள்: நான்காவது நேர்காணலில் வேலை கிடைத்த கதை

நேற்று முன்தினம் மென்பொருள் வேலைக்கான பணி நியமனக் கடிதம் வந்தது. முதல் மூன்று நேர்காணல்களிலும் விடை தெரிந்தும் கழித்துவிட்டார்கள். அந்த வலி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். படிக்க வேண்டிய பாடப் பட்டியல் எங்கும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

முதல் நேர்காணல் சென்னையில். மன்னை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் படித்துக்கொண்டே போனேன். கேள்வி எளிதுதான்: ஓர் எண் வரிசையில், கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். குனிந்து எழுதத் தொடங்கியவன் 20 நிமிடம் வாயே திறக்கவில்லை. பார்த்த எண்களைக் குறித்துவைத்து உடனே தேடித் தரும் ஹேஷ் மேப் வைத்து ஒரே சுற்றில் முடித்தும் கொடுத்தேன். "யோசித்துச் செய்தீர்களா, மனப்பாடமா என்று தெரியவில்லை" என்றார்கள். அன்று அது அநியாயமாகப் பட்டது. ஆனால் எதிரில் இருந்தவர் 20 நிமிடமும் பார்த்தது என் உச்சந்தலையைத்தான்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். பெரியவர்கள் முன்னால் "இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம்" என்று பேசினால் அதிகப்பிரசங்கி என்பார்கள். அடுத்த இரண்டு நேர்காணல்களிலும் இதே மௌனம்தான் என்னைக் கவிழ்த்தது.

பிறகு மூன்று மாதம், தினமும் இரவு, பி.காம். படிக்கும் தங்கையை எதிரில் உட்காரவைத்து, வாய்விட்டு விளக்கியபடியே நிரல் கணக்குகளைப் போட்டேன். புரியாத இடத்தில் அவள் கை தூக்க வேண்டும். அவள் கை தூக்கிய இடமெல்லாம் நான் ஒரு படியைத் தாண்டிக் குதித்த இடமாகவே இருந்தது. முதலில் தமிழில் சொல்வேன். தடையில்லாமல் வந்த பிறகே ஆங்கிலத்தில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நான்காவது நேர்காணலில் என் புராஜெக்டைப் பற்றிக் கேட்டார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கான டோக்கன் செயலி அது. "ஒரே நொடியில் இரண்டு விவசாயிகள் டோக்கன் கேட்டால்?" என்றார் ஒருவர். வாய்விட்டே யோசித்தேன்: "கடைசி எண்ணைப் படிக்கிறேன், ஒன்று கூட்டுகிறேன், எழுதுகிறேன். இருவருக்கும் 41 என்று தெரிந்தால் இருவருக்குமே 42 போய்விடும். என் நிரலில் பிழை இருக்கிறது." அந்தப் பிழையை அங்கே உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன். அவர் முகம் மலர்ந்தது. டோக்கன் எண் இரு முறை பதிவாகாதபடி டேட்டாபேஸிலேயே தடை வைத்து, தோற்றவருக்கு அடுத்த எண்ணை மறுபடி முயலலாம் என்று இருவரும் பேசியே முடித்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாதே என்று அப்பா நெல்லைக் கொட்டிக் காயவைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற வரிசை அது. அங்கே இருவர் கையில் ஒரே எண் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இனி சில குறிப்புகள்:

- கேள்வியை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். எத்தனை எண்கள் வரும் என்று கேளுங்கள். 1 லட்சம் என்றால் ஜோடி ஜோடியாகப் பார்க்க ஏறக்குறைய 500 கோடி ஒப்பீடுகள். மெதுவான வழி ஏன் உதவாது என்பதற்கு அதுவே பதில்.
- ஆனாலும் மெதுவான வழியை முதலில் சொல்லிவிடுங்கள்.
- ஜாவா நிரல்மொழியில், இரு பொருள்கள் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸை மாற்றி எழுதினால், ஹேஷ் மேப் தேடப் பயன்படுத்தும் எண்ணைத் தரும் ஹேஷ்கோடையும் மாற்ற வேண்டும். என்னிடம் மூன்று இடங்களில் கேட்டார்கள்.
- இரண்டாவது அதிகச் சம்பளம் எது என்ற எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி) கேள்வியில், முதல் சம்பளத்தையே இருவர் வாங்கினால் என்ன செய்வது என்று நீங்களே எழுப்புங்கள்.
- வீட்டிலிருந்து ஆன்லைன் சுற்று என்றால் மின்தடைக்குத் தயாராக இருங்கள்: லேப்டாப்பில் முழு சார்ஜ், கைப்பேசியில் டேட்டா.
- 300 கணக்குகள் போட்டேன். 100 போட்டு, அத்தனையையும் யாருக்காவது விளக்கியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. கேட்க ஒரே ஓர் ஆள் போதும். மன்னார்குடிப் பக்கம் அப்படி ஆள் கிடைக்காத தம்பி தங்கைகள் சொல்லி அனுப்புங்கள். வேலையில் சேரும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருப்பேன். புரியாத இடத்தில் நான் கை தூக்குகிறேன்.