டேனியல் பெய்ன் என்ற இரவுப்பள்ளி வாத்தியார்

டேனியல் பெய்ன் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபைப் பிரிவின் போதகர், பிறகு பேராயர். அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர். எனக்கு அவர் முதலில் வாத்தியார்.

1829-இல், பதினெட்டு வயதில், தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பள்ளி தொடங்கினார். பகலில் மூன்று பிள்ளைகள், இரவில் அடிமைகளாக இருந்த மூன்று பெரியவர்கள். ஆளுக்கு மாதம் 50 சென்ட். அது சோற்றுக்கே பற்றவில்லை. பள்ளியை விட்டுவிட்டு, ஒரு பணக்காரரோடு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகக் கிளம்பினார். எசமானையும் அடிமையையும் பிரிப்பது அறிவு மட்டும்தான் என்று அந்தப் பணக்காரரே சொல்ல, பயணத்தைக் கைவிட்டு மறுபடி பள்ளியைத் திறந்தார்.

ராமேசுவரம் பக்கம் மண்டபம் ஊரில் நான் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மகளைக் கூட்டிப்போக வரும் அக்கா ஒருவர் கடலில் பாசி எடுக்கப் போகிறவர். பாறை கீறாமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குவார். அப்படியும் விரல் நுனியெல்லாம் வெடிப்பு.

"டீச்சர், பேங்க்ல மெஷின்ல வச்சா ரேகையே விழமாட்டேங்குது. பேரெழுதச் சொல்லிக் குடுங்க."

பிள்ளைகள் போன பிறகு உட்கார்ந்தோம். அவர் அழுத்திய அழுத்தில் பென்சில் முனை முறிந்துகொண்டே இருந்தது. பெய்னிடம் இரவில் வந்த அந்த மூன்று பேரும் பகலெல்லாம் உழைத்த கையோடுதானே வந்திருப்பார்கள்?

பள்ளி வளர்ந்தது. 1834-இல் தென் கரோலினா சட்டமன்றம் அதைத் தடை செய்தது. அடிமைக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் கறுப்பினத்தவருக்கு அபராதமும் கசையடியும். அடுத்த ஆண்டு பெய்ன் பள்ளியை மூடிவிட்டு, அடிமை முறை இல்லாத வட மாநிலங்களுக்குப் போனார். படித்து, போதகரானார், 1852-இல் கறுப்பினத்தவரின் சபையான ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபையின் பேராயரானார்.

1863-இல் ஒஹாயோ மாநிலத்தில் கறுப்பினத்தவருக்கான வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகம் விற்பனைக்கு வந்தது. விலை 10,000 டாலர். பெய்ன் கையில் பத்து டாலர்கூட இல்லை. திருச்சபையின் பெயரில் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். 1865 ஏப்ரல் 14, லிங்கன் சுடப்பட்ட அதே இரவில், பல்கலைக்கழகத்தின் பிரதானக் கட்டடம் எரிந்துபோனது. அப்புறமும் அவர் போகவில்லை. நன்கொடை திரட்டி, திரும்பக் கட்டி, 1876 வரை தலைவராக இருந்தார். வில்பர்ஃபோர்ஸ் இன்றும் நடக்கிறது.

பாசிக்குப் போகும் அக்காமார் இன்னும் சிலர் படிக்க வருகிறேன் என்கிறார்கள். மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்கள், ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் வாருங்கள். சிலேட்டு நான் வாங்கி வைத்திருக்கிறேன்.