பந்தி விசாரித்தவனுக்கு ஐஎஸ்-200 கஷ்டமில்லை

அம்மாவுக்குப் புரியவைக்கத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. "அமெரிக்க ராணுவத்துலயா சேர்ந்துட்ட? இந்த வயசுலயா?" என்று தென்காசியிலிருந்து போனில் பதறினார். "ராணுவம் இல்லம்மா. நம்ம ஊர்ல ஊர்க்காவல் படை இருக்குல்ல, திருவிழாவுக்குக் கூட்டத்தை ஒழுங்குபண்ண நிப்பாங்களே, கிட்டத்தட்ட அது மாதிரி" என்றேன். "சம்பளம்?" "கிடையாது." "யூனிஃபார்ம்?" "நான்தான் வாங்கணும்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, வெயில்ல நிக்காத" என்று வைத்துவிட்டார்.

கலிஃபோர்னியா ஸ்டேட் கார்ட் என்ற இந்தத் தன்னார்வப் படை பற்றியும், அதில் சேர்ந்த பிறகு நான் எழுதிய தேர்வுகள் பற்றியும் சில நண்பர்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். 2019 முடியும்வரை இதன் பெயர் கலிஃபோர்னியா ஸ்டேட் மிலிட்டரி ரிசர்வ். 2020 ஜனவரி 1 முதல்தான் ஸ்டேட் கார்ட். பழைய பெயரைப் போட்டுத் தேடினால் பழைய படிவங்களும் பழைய விதிகளும்தான் வந்து நிற்கும். நான் ஒரு வார இறுதியை அப்படித்தான் தொலைத்தேன். ஆளுநரும் மத்திய அரசும் அழைக்கக்கூடிய பகுதிநேர ராணுவமான நேஷனல் கார்டுக்குத் துணையாக மாநில அரசு வைத்திருக்கும் தன்னார்வப் படை இது. மத்திய அரசுச் சட்டத் தொகுப்பின் 32-ஆம் தலைப்பு, 109-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. அதே பிரிவு, இந்தப் படையை மத்திய ராணுவச் சேவைக்கு அழைக்க முடியாது என்றும் சொல்கிறது. டெக்சாஸ், நியூயார்க், வர்ஜீனியா, மேரிலாண்ட், ஜார்ஜியா போன்ற மாநிலங்களிலும் இப்படிப்பட்ட படைகள் உண்டு. பெயர்கள்தான் வேறு வேறு. காட்டுத்தீ, வெள்ளம், நிலநடுக்கம் என்று வரும்போது நேஷனல் கார்டின் பின்னால் நின்று தளவாடம், தகவல் தொடர்பு, மருத்துவம், சட்ட உதவி போன்றவற்றைப் பார்ப்பதுதான் பெரும்பாலும் வேலை. மாதாந்திர டிரில்லுக்குப் பணம் கிடையாது. மாநிலப் பணிக்கு முறைப்படி ஆணை போட்டு அழைத்தால் ஊதியம் உண்டு.

அடிக்கடி வரும் கேள்வி: "இதுல சேர்ந்தா குடியுரிமை சீக்கிரம் கிடைக்குமாமே?" கிடைக்காது. ராணுவச் சேவை வழியாகக் குடியுரிமை பெறும் விதி அமெரிக்க ஆயுதப் படைகளுக்கானது. மாநிலப் படை அதில் சேராது. அந்த நினைப்பில் வருகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சேரும் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் மாநிலத்து ஆள்சேர்ப்பாளரிடமே கேளுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம்.

புதிதாகச் சேர்ந்தவரிடம் முதலில் கேட்பது ஃபெமா, அதாவது மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை முகமை, நடத்தும் இணையவழிப் படிப்புகளைத்தான். ஐஎஸ்-100, ஐஎஸ்-200, ஐஎஸ்-700, ஐஎஸ்-800. பேரிடர் நேரத்தில் பல துறைகள் ஒரே முறையில் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று சொல்லித்தரும் இந்த நான்கும் அடித்தளம். நான்கும் இலவசம். ஒவ்வொன்றும் இரண்டு முதல் நான்கு மணி நேரப் பாடம், முடிவில் கொள்குறி வினாக்கள், 75 சதவீதம் எடுத்தால் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து பதிப்பைக் குறிப்பது. உங்கள் அணி எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். வரிசை என்னைக் கேட்டால் 700, 100, 200, 800. முதலில் 700 படித்தால் மொத்த வீட்டின் வரைபடம் கையில் கிடைத்த மாதிரி. அறைகளுக்குள் அப்புறம் போகலாம்.

தேர்வு எழுதுமுன் ஃபெமா மாணவர் எண் ஒன்று வாங்க வேண்டும். நம் ஆட்களுக்கு முதல் சறுக்கல் இங்கேதான். நமக்கு முன்னெழுத்து ஒன்றும் பெயர் ஒன்றும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் என்ற கட்டத்தில் ‘எஃப்என்யூ’ என்று இருக்கும், அதாவது முதல் பெயர் தெரியாது என்று. நான் ஓரிடத்தில் முன்னெழுத்தோடும், இன்னோரிடத்தில் அப்பாவின் முழுப் பெயரோடும் பதிந்துவைத்தேன். விளைவு, என் சான்றிதழ்களில் பாதி வேறு யாரோ ஒருவருடையவை மாதிரி இருந்தன. பயிற்சிப் பதிவுகளைப் பார்க்கும் சார்ஜென்ட், "நீங்கள் இரட்டையரா?" என்று கேட்டார். ஓட்டுநர் உரிமத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். வரும் பிடிஎஃப்களை உடனே ஒரு தனி ஃபோல்டரில் சேமியுங்கள்.

இப்போது என் தோல்விக் கதை. 700-ம் 100-ம் சுலபமாக முடிந்ததில் கொஞ்சம் தலைக்கனம். ஐஎஸ்-200-ஐ இரவு பதினொன்றரை மணிக்கு, ஒரு பக்கம் பாடம், மறுபக்கம் கேள்வி என்று இரண்டு ஜன்னல்களைத் திறந்துவைத்து எழுதினேன். 75 வரவில்லை. பாடத்தைத் தேடித் தேடி விடை எழுதுவது படிப்பதை விடக் களைப்பு தரும் வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுமுறை எழுதலாம், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் ஏன் வரவில்லை என்று யோசித்தபோது, பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறேன், எந்தப் பெயருக்கும் என் தலைக்குள் ஒரு படம் இல்லை என்பது புரிந்தது.

படம் தென்காசியிலிருந்து கிடைத்தது. எங்கள் சித்தப்பா ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தி விசாரிப்பார். பரிமாறும் பையன்களில் ஒரு வரிசைக்கு ஐந்து பேர்தான் விடுவார். "ஆறாவது ஆளு வந்தா அவன் என்ன பண்றான்னு எனக்குத் தெரியாதுல" என்பார். ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே ஐந்து பேர் என்ற அளவைத்தான் இந்தப் பாடத்தில் ‘ஸ்பேன் ஆஃப் கண்ட்ரோல்’ என்கிறார்கள். வாளி பிடித்த பையனிடம் மாப்பிள்ளை வீட்டு மாமா ஒன்று சொல்ல, பெண் வீட்டு மாமா இன்னொன்று சொல்ல, அவன் ரசத்தோடு நடுவழியில் நிற்பான். சித்தப்பா வந்து, "யார் சொன்னாலும் என்கிட்ட சொல்லச் சொல்லு, நீ நான் சொன்னதை மட்டும் செய்" என்பார். ஒருவருக்கு ஒரே மேலாளர், ‘யூனிட்டி ஆஃப் கமாண்ட்’. சமையற்கட்டு வாசலில் நிரப்பி வரிசையாக வைத்த வாளிகள், கூப்பிட்டால் உடனே கிளம்பத் தயாராக இருப்பவை, அதுதான் ‘ஸ்டேஜிங் ஏரியா’.

இப்படிப் பார்க்கத் தொடங்கியதும் நான் குழம்பிய இடங்கள் எல்லாம் தெளிந்தன. டிவிஷனுக்கும் குரூப்புக்கும் என்ன வித்தியாசம்? கிழக்கு வரிசை முழுவதும் ஒருவர் பொறுப்பு என்றால் டிவிஷன், அதாவது இடத்தை வைத்துப் பிரிப்பது. எல்லா வரிசைக்கும் தண்ணீர் மட்டும் ஒருவர் பொறுப்பு என்றால் குரூப், வேலையை வைத்துப் பிரிப்பது. ஐந்து சாம்பார் வாளிகள் ஒரு தலைவரின் கீழ் போனால் ஸ்ட்ரைக் டீம், ஏனென்றால் எல்லாம் ஒரே வகை. சாதம், சாம்பார், பொரியல், அப்பளம் என்று கலந்து ஒரு குழுவாகப் போனால் டாஸ்க் ஃபோர்ஸ். தேர்வில் இந்த இரண்டு ஜோடிகளையும் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள்.

பந்தியில் கிடைக்காதது பதவிப் பெயர்கள்தான். அதற்குக் குறுக்கு வழி இல்லை, எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்: மொத்தச் சம்பவத்துக்கும் பொறுப்பான கமாண்டருக்கு நேரடித் துணையாக இருப்பவர் ஆபீசர், செக்‌ஷனுக்குச் சீஃப், பிராஞ்சுக்கு டைரக்டர், டிவிஷனுக்கும் குரூப்புக்கும் சூப்பர்வைசர், யூனிட்டுக்கு லீடர். என் மகள் ஒரு வாரம் என்னை "கிச்சன் செக்‌ஷன் சீஃப்" என்றே கூப்பிட்டாள்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாடம் இன்னும் ஒட்டும். 1970-இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் 13 நாட்கள் எரிந்த காட்டுத்தீயில் 16 பேர் இறந்தார்கள், 700 கட்டடங்களுக்கு மேல் அழிந்தன. தீயணைக்க வந்த பல துறைகளுக்குள் வானொலி ஒத்துப்போகவில்லை, சொற்கள் ஒத்துப்போகவில்லை, யார் தலைவர் என்பதும் தெரியவில்லை. அதிலிருந்துதான் ஃபயர்ஸ்கோப் திட்டமும், இன்று நாடு முழுக்கப் படிக்கும் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம் (ஐசிஎஸ்) என்ற முறையும் பிறந்தன. 1991 ஓக்லாந்து மலைத் தீயில் 25 பேர் இறந்த பிறகு கலிஃபோர்னியா தனக்கென ‘செம்ஸ்’ என்ற பேரிடர் மேலாண்மை முறையைச் சட்டமாக்கியது. எனவே இந்த மாநிலத்தில் இருப்பவர்கள் ஃபெமா படிப்புகளோடு செம்ஸ் அறிமுகப் படிப்பையும் முடித்துவைப்பது நல்லது. அடிக்கடி தேவைப்படும்.

நான்கு சான்றிதழ்களும் கையில் இருக்க, முதல் பயிற்சி ஒத்திகைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். கற்பனைக் காட்டுத்தீ, கற்பனை முகாம், நிஜமான வெயில். என்னைத் தளவாட மேசையில் உட்காரவைத்து வானொலியையும் ஐசிஎஸ் 214 படிவத்தையும் கொடுத்தார்கள். 214 என்பது நடவடிக்கைக் குறிப்பேடு: எப்போது என்ன நடந்தது என்று வரி வரியாக எழுதுவது. நான் எழுதிய முதல் வரி, "காலையில் தண்ணீர் வந்தது." மாலையில் ஒரு மேஜர் அதைப் படித்துவிட்டுக் கோபப்படாமல் கேட்டார்: "எத்தனை மணிக்கு? எத்தனை பெட்டி? யார் வாங்கினார்? எங்கே இறக்கினார்கள்?" எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. "இது நிஜமாக இருந்தால், இந்தத் தாளை வைத்துத்தான் பின்னால் செலவுக் கணக்குக் கேட்பார்கள்" என்று சொல்லி, வெற்றுப் படிவம் ஒன்றை நீட்டினார். அடுத்த நாள் என் முதல் வரி: "0740. தண்ணீர், 40 பெட்டி, லாரியிலிருந்து கிழக்கு வாசலில் இறக்கப்பட்டது." வாங்கியவர் பெயரோடு.

அதே ஒத்திகையில் வானொலியில் ஸ்டைலாக "டென்-ஃபோர்" என்று வேறு சொல்லிவைத்தேன். சங்கேத எண் வேண்டாம், எல்லோருக்கும் புரியும் சாதாரணச் சொற்களையே பேசு என்பது ஐஎஸ்-100-இல் சரியாக விடை எழுதிய கேள்வி! மேசையில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் சிரிப்பை அடக்கியது இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆகவே படிக்கும்போதே இரண்டு படிவங்களை அச்சடித்து வைத்துக்கொண்டு பழகுங்கள்: 213, அதாவது பொதுச் செய்திப் படிவம், அப்புறம் இந்த 214. வீட்டுக்கு மளிகை வாங்கிவருவதைக் கூட 214-இல் எழுதிப் பாருங்கள். நான் எழுதினேன்.

வானொலி என்றதும் ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசத் தனியாருக்குத் தரும் அனுமதி. கட்டாயம் இல்லை, ஆனால் தகவல் தொடர்புப் பக்கம் போக ஆசை இருந்தால் இதைவிட மலிவான சீட்டு கிடையாது. முதல் நிலையான டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்விகள் எல்லாம் முன்பே வெளியிடப்பட்ட நானூற்றுச் சொச்சம் வினாக்களிலிருந்தே வரும். தொகுப்பு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஜூலை 1 அன்று மாறும். 2022-இல் வந்தது 2026 ஜூன் 30 வரைக்கும்தான். எனவே புத்தகம் வாங்குமுன் அட்டையில் ஆண்டைப் பாருங்கள், நண்பரின் பழைய புத்தகம் காலை வாரிவிடும். நான் முதல் வாரம் சரியான விடைகளை மட்டும் படித்தேன், தவறான மூன்றையும் கண்ணாலும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் முதல் ஹாம்ஸ்டடி தளத்தில் மாதிரித் தேர்வு. மூன்று வாரம், தினம் அரை மணி. பிளஸ் டூ இயற்பியலில் ஓம் விதி போட்டவர்களுக்குக் கணக்குப் பகுதி விளையாட்டுதான். 300-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கை. தேர்ச்சி பெற்றதும், உரிமம் தரும் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி மின்னஞ்சல் அனுப்பும். பத்து நாளுக்குள் 35 டாலர் கட்ட வேண்டும். அந்த மின்னஞ்சல் எனக்கு ஸ்பாமில் கிடந்தது. இரண்டாவது, உரிமத்தில் நீங்கள் கொடுக்கும் முகவரி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பொதுவில் இருக்கும். வீட்டு முகவரி வேண்டாம் என்றால் தேர்வுக்கு முன்பே தபால் பெட்டி எண் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்களுக்கு இன்னும் சில வாசல்கள். ஸ்டேட் கார்ட் சங்கம் வழங்கும் ‘மெம்ஸ்’ என்ற பேரிடர் மேலாண்மைத் தேர்ச்சி பேட்ஜ் அடிப்படை, சீனியர், மாஸ்டர் என்று மூன்று நிலைகளில் உள்ளது. மேலே சொன்ன ஃபெமா படிப்புகள் அதற்கும் கணக்கில் சேரும், அதோடு களத்தில் செயல்முறையும் காட்ட வேண்டும். ஐசிஎஸ்-300, 400 இரண்டும் வகுப்பில் உட்கார்ந்து படிப்பவை, இணையத்தில் தனியாக முடிக்க முடியாது. உங்கள் கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பேரிடர் அலுவலகத்தில் எப்போது நடத்துகிறார்கள் என்று கேட்டுவையுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். கல்லூரியில் படித்துக்கொண்டே படையில் இருப்பவர்கள் கலிஃபோர்னியா மிலிட்டரி டிபார்ட்மென்ட்டின் ஜிஐ பில் கல்வி உதவியைத் தவறவிடாதீர்கள். நேஷனல் கார்டுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஸ்டேட் கார்ட் உறுப்பினர்களும் விண்ணப்பிக்கலாம். அதற்கு ஃபாஃப்சா, அதாவது மத்திய அரசின் மாணவர் நிதியுதவிப் படிவம், நிரப்பியிருக்க வேண்டும்.

எனக்கு அடுத்தது ஐசிஎஸ்-300. சித்தப்பாவிடம் போனில் சொன்னேன், என்ன பாடம் என்று கேட்டார். பெரிய விபத்து நடந்தால் எல்லாத் துறையையும் எப்படி ஒருங்கிணைப்பது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க யாருடே சாப்பாட்டுக்குப் பொறுப்பு?" என்றார். லாஜிஸ்டிக்ஸ் செக்‌ஷனில் ஃபுட் யூனிட் லீடர் என்று ஒருவர் இருப்பார் சித்தப்பா என்றேன். "அப்ப சரி" என்றார்.