‘பேக்கப் முடிந்தது’ என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

ஐபேட் திரும்பி வந்து நான்கு நாளாகிறது. எழுதியவை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆனாலும் அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டில் வைத்து உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். 2020 ஊரடங்கில் வாங்கிய ஐபேட்டில்தான் கடந்தகால வினாத்தாள்களுக்கான விடைகளைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். ஜனவரி கடைசியில் அதன் திரை ஒரு மூலையில் மெல்ல மேலெழும்பியது. கடைக்குக் கொண்டுபோனால், “மின்கலம் ஊதிவிட்டது. ஐபேட்டையே மாற்றித்தான் தருவோம். உள்ளே இருப்பவற்றுக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்றார்கள். இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

எனக்கு ஒரு பதற்றமும் இல்லை. இணையத்தில் தானாக நகல் (பேக்கப்) எடுத்து வைக்கும் ஆப்பிளின் ஐகிளவுட் இருக்கிறதே! வீட்டுக்கு வந்து பார்த்தால் கடைசி பேக்கப் 2024 ஓகஸ்ட் 21. அதற்குப் பிறகுதான் பாடங்களைத் திரைப்பதிவு செய்யத் தொடங்கியிருந்தேன். இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி அத்தோடு நிரம்பிவிட்டது. ‘இடம் போதாது’ என்று அது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது; வகுப்பு நடுவில் வருகிறதே என்று ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டவள் நான்தான். பேக்கப் எடுப்பது நின்றுபோனால் கடைசி நகலை 180 நாள்தான் வைத்திருப்பார்கள். நான் பார்த்த அன்று 163 நாள் ஆகியிருந்தது. நீங்களும் இப்போதே அமைப்புகளுக்குள் போய் அந்தத் தேதியைப் பாருங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

சரி, காசு கட்டி 50 ஜிபி வாங்குவோம் என்று நினைத்தேன். ஐபேட்டில் 41 ஜிபிதான் இருந்தது. வங்கி அட்டையை ஏற்கவில்லை. வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு அட்டையைத் திறந்துவிட வேண்டுமாம். பெப்ரவரி 3, திங்கட்கிழமை, காலி வீதியில் உள்ள கிளையில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மெடம், கணக்கு யாழ்ப்பாணக் கிளையில் அல்லவா? அங்கேதான் எழுதிக் கொடுக்க வேண்டும்” என்றார். மாதம் ஒன்றுக்கு ஒரு டொலர் அளவில் கட்டுவதற்கு நான் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போக வேண்டும்! பக்கத்துக் கவுண்டர்க்காரர் இரக்கப்பட்டு, இங்கேயே படிவம் தரலாம், கடவுச்சீட்டின் போட்டோ கொப்பி வேண்டும் என்றார். மறுநாள் சுதந்திர தினம், விடுமுறை. புதன்கிழமை கொப்பியோடு போனால் அந்த மனிதர் லீவு. முதல் நாள் பார்த்த பெண் படிவத்தை வாங்கிக்கொண்டு, “அனுப்புகிறோம்” என்றார். எங்கே அனுப்புவார் என்று கேட்கும் தெம்பு எனக்கு இருக்கவில்லை.

அட்டை திறந்திருந்தாலும் கதை நடந்திருக்காது என்பது அன்று மாலைதான் உறைத்தது. எங்கள் வீட்டு இணைப்பில் ஏற்றும் வேகம் 4 எம்பிபிஎஸ். 41 ஜிபி ஏற ஏறத்தாழ 23 மணி நேரம் ஆகும், மாத டேட்டாவில் பெரும்பகுதியும் அதிலேயே போய்விடும். ஐகிளவுட் தானாக பேக்கப் எடுக்க ஐபேட் சார்ஜில், பூட்டிய நிலையில், வைஃபையில் இருக்க வேண்டும். ஊதிய மின்கலத்தை இரவிரவாகச் சார்ஜில் போடாதே என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பிறகு எப்படி?

ஆக, கணினிக்குத்தான் எடுக்க வேண்டும். யூனிட்டி பிளாசாவில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். அதில் நேராக எடுக்கலாம் என்று நினைத்தது என் அறியாமை. விண்டோஸில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் பேக்கப்பை சி டிரைவில்தான் வைக்கும், வேறு இடம் கேட்காது. என் பழைய மடிக்கணினியின் சி டிரைவில் 19 ஜிபிதான் மிச்சம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பழைய மாணவன் சனிக்கிழமை வந்தான். பேக்கப் போய்ச் சேரும் கோப்புறை சி டிரைவிலேயே இருப்பதாக ஐடியூன்ஸை நம்பவைத்து, உள்ளே போவதையெல்லாம் வெளி டிஸ்க்குக்குத் திருப்பிவிடும் ஒரு வரிக் கட்டளையை எழுதினான். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. தேநீரும் வடையும் கொடுத்தேன்.

படியிறங்கும்போது சும்மா கேட்பது போல, “ரீச்சர், பாஸ்வேர்ட் என்ன வைத்தீர்கள்?” என்றான்.

“நான் ஒன்றும் வைக்கவில்லையே, தம்பி.”

செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப மேலே வந்தான். ஐடியூன்ஸில் பேக்கப்பை மறைகுறியாக்கும், அதாவது பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டும், பெட்டியில் ஏற்கெனவே சரி அடையாளம் இருந்தது. 2021இல் என் மைத்துனர் தன் கணினியில் ஒருமுறை பேக்கப் எடுத்துத் தந்தபோது போட்ட பூட்டு அது. இந்தப் பூட்டு கணினியில் இல்லை, ஐபேட்டிலேயே இருக்கிறது; எந்தக் கணினியில் செருகினாலும் கூடவே வரும். இனி எடுக்கும் ஒவ்வொரு பேக்கப்பும் அந்தப் பழைய பாஸ்வேர்டால்தான் பூட்டப்படும். எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்காது. ‘முடிந்தது’ என்று அழகாகச் சொல்லும். மீட்டெடுக்கும் நாளில்தான் கேட்கும். கடையில் ஐபேட்டைக் கொடுத்த பிறகு அது கேட்டிருந்தால்?

கனடாவில் இருக்கும் மைத்துனரை நித்திரையிலிருந்து எழுப்பினோம். பிள்ளைகளின் பிறந்த நாள்கள், பழைய தொலைபேசி இலக்கம், நாய்க்குட்டியின் பெயர் என்று அவர் சொன்ன எதுவும் பொருந்தவில்லை. மறந்த பாஸ்வேர்டை ஆப்பிளாலும் மீட்டுத் தர முடியாது. ஒரே வழி, ஐபேட்டில் ‘எல்லா அமைப்புகளையும் மீட்டமை’ என்பதை அழுத்துவது. வைஃபை, சுவர்ப்படம் போன்றவை பழையபடி ஆகும், கோப்புகளுக்கும் படங்களுக்கும் ஒன்றும் ஆகாது, பூட்டும் கழன்றுவிடும். பழைய பேக்கப்புகள் மட்டும் திறக்காதவையாகவே கிடக்கும். அதே பகுதியில்தான் ‘எல்லா உள்ளடக்கத்தையும் அமைப்புகளையும் அழி’ என்பதும் இருக்கிறது. அவனை மூன்று முறை உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு, ஞாயிறு காலை நான் கண்ணை மூடிக்கொள்ள அவன்தான் அழுத்தினான்.

பூட்டே வேண்டாம் என்றும் நினைத்தேன். அவன் விடவில்லை. பூட்டாத பேக்கப்பில் சேமித்த கடவுச்சொற்களும் வைஃபை விவரங்களும் வராதாம். புதிய பாஸ்வேர்ட் வைத்து, அம்மாவின் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதிவிட்டு, மீண்டும் தொடங்கினோம்.

அன்று பெப்ரவரி 9. இலங்கையில் இருந்தவர்களுக்கு மிச்சம் தெரியும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டு நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சர் விளக்கம் சொன்னார். எங்கள் வீட்டில் அந்தக் குரங்கு பாய்ந்தது பேக்கப் அறுபது சதவீதத்தில் நின்றபோது. மடிக்கணினியின் மின்கலம் செத்து இரண்டு வருடம். மின்சாரம் போன கணமே அதுவும் அணைந்தது. மாலையில் வெளிச்சம் வந்ததும் பாதியில் நின்றதை அழித்துவிட்டு முதலிலிருந்து எடுத்தோம். முடிந்ததும் செய்த முதல் வேலை, பெட்டியின் சரி அடையாளத்தை எடுக்கப் பார்த்தது. பாஸ்வேர்ட் கேட்டது. பஞ்சாங்கத்தைப் பார்த்து அடித்தேன், ஏற்றுக்கொண்டது. உடனே அதே பாஸ்வேர்டை மறுபடி போட்டுவிட்டேன். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, தயவுசெய்து செய்யுங்கள்.

திங்கள் கடையில் கொடுத்தேன், வெள்ளி மாற்று ஐபேட் வந்தது. அதிலும் ஒரு கொக்கி. அதில் இருந்த ஐபேட்ஓஎஸ் (ஐபேட்டை இயக்கும் மென்பொருள்) பதிப்பு பழையது. புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பு ஏற்காது. எதையும் மீட்டெடுக்காமல் வெறுமனே தொடங்கி, பதிப்பைப் புதுப்பித்து, பிறகு மொத்தமாக அழித்து, அதற்கப்புறம்தான் மீட்டெடுக்க முடிந்தது. செயலிகள் பேக்கப்பில் இருப்பதில்லை, அவற்றின் தரவு மட்டுமே இருக்கும் என்பதையும் அப்போதுதான் கண்டேன். செயலிகள் இணையத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. கணினியில் எடுத்தால் டேட்டாவே செலவாகாது என்று எண்ணியிருந்தேன்.

இனி மாதத்தின் முதல் சனி கணினியில் பேக்கப். குறிப்புகளை மட்டும் செயலியே தானாக கூகுள் டிரைவுக்கு அனுப்புகிறது. 15 ஜிபி இலவசம், எழுத்துக்கு அது தாராளம். ஹார்ட் டிஸ்க்கை தெஹிவளையில் அக்கா வீட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். ஐபேட்டும் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால் திருடன் இரண்டையும் ஒரே பையில்தானே போடுவான்?

நேற்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. வெளிநாட்டுக் கொடுப்பனவு வசதி செயற்படுத்தப்பட்டுவிட்டதாம். எந்தக் கிளை செய்ததோ தெரியவில்லை. 50 ஜிபி இன்னும் வாங்கவில்லை.