77ஆம் நிமிடம்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் டால் பூரி விற்கும் தம்பியின் லிவர்பூல் கால்பந்து அணிச் சட்டை முதுகில், எண்ணில் பாதி உதிர்ந்துவிட்டது.

"ஒரு முறையாவது ஆன்ஃபீல்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் அண்ணா" என்றான், பூரியை மடித்தபடியே.

லிவர்பூலின் அந்த மைதானத்தில் 2016 பிப்ரவரியில் நடந்ததைச் சொன்னேன். டிக்கெட் 77 பவுண்டு வரை உயரும் என்று அறிவித்ததை எதிர்த்து, 77ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. முடிந்ததோ 2-2! சில நாள்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு முடிவைக் கைவிட்டார்கள்.

டிக்கெட் விலை ஏன் ஏறுகிறது என்று கேட்டால் வீரர்களின் சம்பளத்தைக் கைகாட்டுவார்கள். தொலைக்காட்சியும் விளம்பரமும் கொட்டும் பணத்தைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள்.

தம்பி 77 பவுண்டை நம் ரூபாயில் கணக்குப் போட்டான். நான்காயிரத்துக்கு மேல்.

"எத்தனை ஜோடி பூரி அண்ணா அது!"

கல்லில் ஒன்று கருகிக்கொண்டிருந்தது.