அக்காவின் கல்யாண கேசட்டும் ஒரு ஃபயர்வயர் கார்டும்

2004-ஆம் ஆண்டு என் அக்காவின் திருமணத்தை மாமா தம் மினிடிவி (MiniDV) கேமராவில் எடுத்தார். அது சின்னக் கேசட்டில் டிஜிட்டலாகப் பதியும் வகை. அந்த மூன்று கேசட்டுகளையும் போன மாதம்தான் கணினிக்கு மாற்றி முடித்தேன். கேமராவிலிருந்து படம் வெளியே வரும் வழி ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு முறை. என் புதிய கணினியின் மதர்போர்டில் அது கிடையாது.

முதலில், ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் ஃபயர்வயரும் உள்ள மலிவான கேபிள் ஒன்றை வாங்கினேன். கணினி கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டும் அடிப்படையிலேயே வேறு வேறு முறைகள் என்பதால், கம்பிகளை இணைத்துவிட்டால் மட்டும் ஒன்று மற்றொன்றாகிவிடாது. நொடிக்கு 8000 தவணைகளாகத் தரவை அனுப்பும் ஃபயர்வயரில் இடைவிடாமல் வரும் படத்தரவை வாங்கி நினைவகத்தில் சேர்க்க, அதற்கென்றே ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு வேண்டும். அந்தக் கேபிளை யாரும் வாங்க வேண்டாம்.

பிறகு, வியா நிறுவனத்தின் விடி6315 என்ற ஃபயர்வயர் சில்லு உள்ள, கணினிக்குள் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டை வாங்கி, மதர்போர்டின் மிகச் சிறிய ஸ்லாட்டில் பொருத்தினேன். கேமராவின் நான்கு முனை இணைப்பில் மின்சாரம் செல்வதில்லை. ஆகவே கார்டில் தனியாக மின் இணைப்பு கொடுக்கவில்லை. என் கணினியின் இயங்குதளமான லினக்ஸ் அந்தக் கார்டைத் தானாகவே அடையாளம் கண்டுகொண்டது. டிவிகிராப் என்ற நிரலைக் கொண்டு பதிவைத் தொடங்கினேன்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்கள் வழியாகவும் பதிவு செய்யலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். மினிடிவி கேசட்டில் இருப்பதே டிஜிட்டல் தரவு. அந்த வயர்களில் அனுப்பினால் அது அனலாக் ஆகி மீண்டும் டிஜிட்டலாக மாறும்போது தெளிவு குறையும். ஃபயர்வயரில் வருவது 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட அதே படத்தின் நேரடி நகல். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரமே ஆகும். கோப்பு ஏறக்குறைய 13 ஜிபி வரும்.

இரண்டாவது கேசட்டில், தாலி கட்டும் நேரத்தில், திரையெங்கும் சதுரக் கட்டங்கள் தோன்றின. கேமராவில் டேப்பைப் படிக்கும் ஹெட்டை கிளீனிங் கேசட் போட்டுத் துடைத்துவிட்டு, அந்தப் பகுதியை மறுபடி ஓடவிட்டேன். கெட்டிமேளத்துக்கு நடுவே, இப்போது எங்களுடன் இல்லாத பாட்டி அட்சதை தூவும் கை தெளிவாகத் தெரிந்தது.

ஆப்பிள் கணினிகளின் இயங்குதளமான மேக்ஓஎஸ் 2025-இல் ஃபயர்வயர் ஆதரவை நீக்கிவிட்டது. லினக்ஸில் 2029 வரை பராமரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கார்டு இன்னும் என் கணினியிலேயே இருக்கிறது, அடுத்த வாரம் சித்தப்பா வீட்டுக் கேசட்டுகள் வருகின்றன.