ஆளைக் கூட்டியும் நாள் குறையவில்லை: எம்.எஸ். பிராஜெக்ட்டில் டாஸ்க் டைப்போடு பட்ட பாடு

திருத்திய ஷெட்யூலுக்கு ஒருவழியாக ஒப்புதல் வந்துவிட்டது. ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை. இதே சிக்கலில் வேறு யாரும் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அடுக்குமாடிக் கட்டட வேலை. மைக்ரோசாஃப்ட்டின் வேலைத்திட்ட மென்பொருளான எம்.எஸ். பிராஜெக்ட்டில் ஷெட்யூல் போட்டது ஒரு துணை ஒப்பந்ததாரரின் அலுவலகம். உள்பூச்சு இழுத்தடிக்கிறது, இன்னொரு செட் ஆட்களை இறக்குங்கள் என்று உரிமையாளர் தரப்பு கேட்டது. கோப்பில் ஒரு செட் என்பது ஒரு ரிசோர்ஸ், அதாவது வேலைக்கு ஒதுக்கும் ஆள்கணக்கு. பூச்சுக்கு 10 நாள், 80 மணி நேரம். அந்த அலுவலகம் இரண்டாவது செட்டைச் சேர்த்து அப்படியே அனுப்பிவிட்டது. டியூரேஷன் அதே 10 நாள். வேலை மட்டும் 160 மணி, கூலியும் இரண்டு மடங்கு. ‘ஆள் கூடியும் நாள் குறையவில்லை’ என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பினார்கள். எந்த டாஸ்க், என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று நேரில் போய்க் கேட்டும் பதில் இல்லை. அதன்பிறகுதான் கோப்பு என்னிடம் வந்தது.

டாஸ்க் டைப் (வேலை, நாள், யூனிட்ஸ் மூன்றில் எது மாறாமல் நிற்கும் என்ற அமைப்பு) ‘ஃபிக்ஸட் யூனிட்ஸ்’. யூனிட்ஸ் என்பது ஒரு ரிசோர்ஸ் தன் நேரத்தில் எத்தனை சதவீதத்தை அந்த டாஸ்க்குக்குத் தருகிறது என்பது. ‘எஃபர்ட் டிரிவன்’ டிக் இல்லை. 2010 பதிப்பிலிருந்து புதிய டாஸ்க்குகள் இப்படித்தான் வருகின்றன. டிக் இல்லாவிட்டால், புதிதாக வரும் ரிசோர்ஸுக்குத் தனியாக வேலை கூடும். டிக் இருந்தால், இருக்கிற வேலையையே பங்குபோடும்.

நான் பார்ப்பதற்குள் அந்த அலுவலகத்தில் யாரோ ‘சரிசெய்கிறேன்’ என்று எல்லா டாஸ்க்கையும் மொத்தமாகத் தேர்வு செய்து டிக் போட்டிருந்தார். டிக் போட்டதால் மட்டும் எதுவும் மாறாது. உடனே இரண்டாவது செட்டை நீக்கியிருக்கிறார். 160 மணி நேரமும் மிச்சமிருந்த ஒரே செட்டின் தலையில் விழ, பூச்சு 20 நாளாகிவிட்டது! இதைவிடக் கொடுமை, தளக் கான்கிரீட் க்யூரிங், அதாவது கான்கிரீட் காயாமல் ஈரமாக வைத்திருப்பது. அதில் ஒரு ஹெல்பர் இருந்தார். இன்னொருவரைச் சேர்த்ததும் 7 நாள் மூன்றரை நாளாகச் சுருங்கியிருந்தது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சாதாரண சிமென்ட்டுக்கே குறைந்தது 7 நாள் கேட்கிறது. தண்ணீர் ஊற்ற எத்தனை பேர் நின்றாலும் கான்கிரீட் சீக்கிரம் இறுகாது. அது அப்படியே ஒப்புதலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

பூச்சைச் சரிசெய்ய வரிசை முக்கியம். முதலில் இரண்டு செட்டோடும் கூடிய பழைய நிலைக்குக் கொண்டுபோய், டிக்கை எடுத்துவிட்டு, இரண்டாவது செட்டை நீக்கினேன். 80 மணி, 10 நாள் திரும்பியது. அப்புறம் டிக் போட்டு, மறுபடி சேர்த்தேன். செட்டுக்கு 40 மணி, 5 நாள். ஒன்று கவனியுங்கள்: முதல் தடவையே இரண்டு ரிசோர்ஸையும் ஒன்றாகச் சேர்த்தால், டிக் இருந்தாலும் பங்கு பிரியாது. ஒன்றைச் சேர்த்து ஓகே கொடுத்த பிறகே அடுத்தது.

க்யூரிங்கை, நாள் கணக்கு மாறாத ‘ஃபிக்ஸட் டியூரேஷன்’ ஆக்கி, 7 எலாப்ஸ்டு நாளாகப் போட்டேன். வார விடுமுறையிலும் அது ஓடும். வரைபட ஒப்புதலுக்கான காத்திருப்பும் ‘ஃபிக்ஸட் டியூரேஷன்’தான். மணிக்கணக்கு பேசி முடித்த வேலைகளுக்கு ‘ஃபிக்ஸட் வொர்க்’. அதில் எஃபர்ட் டிரிவன் எப்போதும் உண்டு, எடுக்கவே முடியாது. 40 மணி வேலைக்கு ஒருவர் பாதி நேரம்தான் வருகிறார் என்று யூனிட்ஸை 50 சதவீதமாக்கினால் 5 நாள் 10 நாளாகும்.

அடுத்தவர் கோப்பு கைக்கு வந்தால், எதையும் தொடுவதற்கு முன் ‘டைப்’, ‘எஃபர்ட் டிரிவன்’, ‘வொர்க்’ மூன்று நெடுவரிசையையும் டேபிளில் சேர்த்துவிடுங்கள். டாஸ்க்கின் தேதிகளை நாமே போடும் மேனுவலா, மென்பொருளே கணக்கிடும் ஆட்டோவா என்றும் பாருங்கள். இந்தக் கணக்கெல்லாம் ஆட்டோ ஷெட்யூலில் இருக்கும் டாஸ்க்குக்கு. அந்த மூன்று நெடுவரிசையோடும் அச்செடுத்து இணைத்த பிறகுதான் எங்கள் ஷெட்யூல் கேள்வியே இல்லாமல் கையெழுத்தாகி வந்தது.